மூன்று மில்லிமீட்டர் குறைந்த குருவி

ஜனவரி 12

அண்ணிக்கு,

எட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள். முதல் பத்தியைத் தாண்டாமல் அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியின் கடைசி வருட நோட்டுப் புத்தகம் எனக்கு வேண்டும்.

நீளலகுக் கதிர்க்குருவியை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் அதை ஊமைச்சி என்பார். காய்ந்த நாணலின் நிறம், கைக்குள் அடங்குகிற உடம்பு. சாதாரண நாணல் குருவிக்கும் இதற்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. வலையில் பிடித்து இறக்கையை அளந்தால்தான் தெரியும். அழியும் இனங்களின் பட்டியலில் இத்தனை காலமும் "தகவல் போதாது" என்ற பிரிவில் கிடக்கிறது. ஜூன் மாதம் எங்கள் கமிட்டி கூடுகிறது. புதிதாகச் சான்று எதுவும் இல்லையென்றால் "அற்றுப்போன இனம்" என்று எழுதி மூடிவிடுவார்கள். அதற்காகத்தான் கிடங்கு கட்டுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே அவர் அதைப் பிடித்த நாணல் சதுப்பில் மண் கொட்டுவார்கள்.

இரண்டு பருவம் தேடிவிட்டோம். ஒன்றுகூட வலையில் விழவில்லை. மிச்சம் இருப்பது அவர் பிடித்து அளந்துவிட்டுப் பறக்கவிட்ட அந்தப் பதினோரு குருவிகள்தான். அன்று நாங்கள் ஏற்க மறுத்தவை. மறுபடி பார்க்க நினைக்கிறேன். நோட்டை அனுப்பினால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவேன்.

— உங்கள் தம்பியின் மனைவி


ஜனவரி 25

கமிட்டி அம்மாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. மூன்று தரம் படித்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது.

"அன்று நாங்கள் ஏற்க மறுத்தவை" என்று எழுதியிருக்கிறாய். நாங்களா? பதினான்கு பேர் உட்கார்ந்திருந்த அறையில் வேண்டாம் என்று முதலில் தூக்கிய கை உன்னுடையது. கட்டின புருஷன் எதிரில் நிற்கிறான். அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ கை தூக்கினப்ப வளையல்கூட சத்தம் போடலக்கா." மூன்றாம் நாள் பெட்டியோடு என் தையல் கடை மாடிக்கு வந்துவிட்டான். அக்டோபரில் மறுபடி அந்தச் சதுப்புக்குக் கிளம்பினான். பருவம் முடிந்துவிட்டது, காற்று சரியில்லை என்று கீழே சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர் முதற்கொண்டு சொன்னார்கள். "ஒரே ஒரு இறகு கொண்டாந்து அவ மேஜைல போட்டுட்டு வந்துடறேன்"னு சொல்லிவிட்டுப் போனான். படகு மட்டும் கரைக்கு வந்தது. அதில் அவன் பை இருந்தது. அவன் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கினான்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன். அந்தக் குருவி அற்றுப்போனது என்று உன் கையாலேயே எழுது. எழுதிவிட்டு ஒவ்வொரு வருடமும் அதைப் படி. நான் உனக்கென்று வைத்திருக்கும் தண்டனை அதுதான். இதைவிடப் பெரிதாக ஒன்று தெரிந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன்.

— அவனுடைய அக்கா


பிப்ரவரி 8

அண்ணிக்கு,

தண்டிக்க நினைத்தால் என்னைத் தண்டியுங்கள். வாயில்லாத குருவியை ஏன் இழுக்கிறீர்கள்?

நான் ஏன் கை தூக்கினேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். சாதாரண நாணல் குருவியின் இறக்கை அறுபத்திரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஊமைச்சியின் இறக்கை அறுபத்து மூன்றுக்குக் கீழே வராது. அருங்காட்சியகப் பெட்டியில் பதப்படுத்தி வைத்திருக்கும் ஆறு பழைய குருவித் தோல்களை வைத்து எழுதிய விதி அது. அவர் கொண்டு வந்த பதினோரு அளவுகளும் அறுபதுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் இருந்தன. அலகும் கூடும் ஊமைச்சியேதான் என்றார். நான் அளவு பொய் சொல்லாது என்றேன். வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன். கணவர் என்பதால் விட்டுக்கொடுத்தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே என்று நினைத்தேன். அதனால் முதலில் தூக்கினேன். இது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தில் அவர் அவசரத்தில் இருந்தார். கவனமில்லாமல் அளந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதைச் சரிபார்க்கத்தான் நோட்டைக் கேட்கிறேன். உங்கள் பிடிவாதத்தால் ஒரு இனமே போகப் போகிறது. நன்றாகத் தூங்குங்கள்.


பிப்ரவரி 20

கமிட்டி அம்மாவுக்கு,

யாரைக் கவனமில்லாதவன் என்கிறாய்? ஆறு வயதில் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் துளை கோணலாக இருக்கிறது என்று என்னைப் பிரிக்க வைத்தவன் அவன். நாக்கில் நரம்பு இல்லையென்றால் எதையும் எழுதலாம்.

நோட்டைத் தரமாட்டேன் என்று சொன்னால் தரமாட்டேன்தான். ஆனால் ஒரு பக்கத்தை என் கையால் எடுத்து எழுதுகிறேன். அவன் எப்படி அளந்தான் என்று பார்த்து வயிறு எரி.

"மே 14. காலை 6.10. காற்று இல்லை. ஊமைச்சி கிடைக்கவில்லை. முகாம் கூரையில் சிட்டுக்குருவி, ஆண். இறக்கை 74. மறுபடி அளந்தேன், 74. இன்னொரு ஆண், 73.5. மறுபடி, 73.5. மூன்றாவது ஆண், வால் இறகு ஒன்று உதிர்ந்திருக்கிறது, இறக்கை 74. மறுபடி, 74. கை பழகட்டும் என்று அளக்கிறேன்."

படித்தாயா? ஊரே கண்டுகொள்ளாத சிட்டுக்குருவியை இரண்டிரண்டு தரம் அளந்திருக்கிறான். இப்படி எட்டு குருவி. உன் கமிட்டியில் இருக்கும் பதினான்கு பேரில் யாராவது ஒருவர் இந்த வேலையைச் செய்திருப்பார்களா?


மார்ச் 1

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். சிட்டுக்குருவித் தட்டுகள் மூன்றையும் இழுத்துவைத்து நாற்பது ஆண் குருவிகளை அளந்தேன். எழுபத்தாறுக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை. காய்ந்து சுருங்கின தோலே அந்த அளவு. உயிருள்ள பறவை இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஒரு ஊர்ச் சிட்டுக்குருவிகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு மூன்று மில்லிமீட்டர் குறையாது.

அவர் கவனமாகத்தான் அளந்திருக்கிறார். நான் சொன்னது தப்பு. தப்பு அவர் கையில் இல்லை, ஸ்கேலில்.

படகில் கிடந்த பையில் அந்த இறக்கை ஸ்கேல் இருக்கும். உலோகப் பட்டை. ஒரு நுனியில் சின்னத் தகடு நிற்கும். மடக்கிய இறக்கையின் மூட்டை அந்தத் தகட்டில் முட்டவைத்து, இறக்கையைப் பட்டையின் மேல் படுக்கவைத்து, நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படிப்போம். தகடு மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தால் எல்லா அளவும் மூன்று குறைவாகத்தான் வரும். அவருடைய பதினோரு குருவிகளுக்கும் மூன்றைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றுகூட அறுபத்து மூன்றுக்குக் கீழே இல்லை. பதினொன்றும் ஊமைச்சி. அதில் ஒன்றுக்கு அடைகாத்த வயிறு என்று குறித்திருந்தார். அப்படியானால் அந்தச் சதுப்பு அவை குஞ்சு பொரிக்கும் இடம். அதன்மேல் யாரும் மண் கொட்ட முடியாது.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. சிட்டுக்குருவிகளை அளந்தது மே 14. ஊமைச்சிகளை அளந்தது ஏப்ரல் 20 முதல் மே 9 வரை. நடுவில் ஒருநாள் ஸ்கேல் கெட்டிருந்தால், முதல் அளவுகள் சரியாக இருந்திருக்கும், அவை சாதாரணக் குருவிகள் ஆகிவிடும். கமிட்டி முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கும். ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். தகடு பிரிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா? ஒட்டியது யார், எந்தத் தேதியில்? அவர் ஒட்டியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பார்.


மார்ச் 15

ஸ்கேலைப் பார்த்தேன். தகடு தகடாகத்தான் இருக்கிறது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நோட்டில் அப்படி ஒன்றும் எழுதவில்லை.

கடையில் தலைக்கு மேல் வேலை. இனி எழுதாதே.


மார்ச் 24

அண்ணிக்கு,

எனக்குக் கல்யாணமான நாள் முதல் உங்கள் வாயைக் கேட்டிருக்கிறேன். நாலு வரியில் நீங்கள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல மனம் இல்லாமல் இருக்கலாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். கமிட்டியின் பழைய அறிக்கையில் அவர் பெயருக்கு நேராக "அளவுகள் நம்பத்தக்கவை அல்ல" என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரியை எழுதியவள் நான். ஜூனுக்குப் பிறகு அதை யாரும் மாற்ற முடியாது. ஏப்ரல் மாதத்துக்குள் எனக்கு ஒரு தேதி வேண்டும்.


ஏப்ரல் 9

நான் ஒட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, மதியம். அவன் கிளம்பியது 16. அப்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தீர்கள். சாமான் வாங்க வந்தவன் பையை என் மாடியில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். அவனுக்கென்று காக்கி கேன்வாஸில் ஒரு மேல்சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஆறு பை வைத்தது. ஸ்கேல் வைக்க நெஞ்சில் ஒரு நீளப் பை. அளவு கச்சிதமாக இருக்கட்டும் என்று அவனைக் கேட்காமல் ஸ்கேலை எடுத்து மெஷின் பலகையில் வைத்தேன். சரிந்து கீழே மிதியில் விழுந்தது. தகடு தனியாக, ஸ்கேல் தனியாக. திருகாணி எங்கே போனது என்று இன்று வரை தெரியாது.

பை ஒட்டுகிற பசையைத் தடவி ஒட்டினேன். ஆடியது. தளர்வாக இருந்தால் நடுவில் ஒரு துணி வைப்பது எங்கள் தொழில் புத்தி. மிச்சக் கேன்வாஸை இரண்டாக மடித்துத் தகட்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். கல்லுபோல நின்றது. துணி தெரியாமல் இருக்கட்டும் என்று ஓரத்துக்குக் கறுப்பு மை தடவினேன். சாயங்காலம் வந்தவன் எடுத்துப் பார்த்தான். "என்னக்கா ஸ்கேல் புதுசாட்டம் இருக்கு?" "அழுக்கா இருந்துச்சு, துடைச்சு வச்சேன்டா." "நீ தொட்டா எல்லாமே புதுசாயிடுதுக்கா." வாயை மூடிக்கொண்டு பை வாய்க்குத் தையல் போட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று என் டேப்பை வைத்து அந்த இடுக்கை அளந்தேன். மூன்று. துணி அளக்கிறவள் எனக்கு மூன்று மில்லிமீட்டர் ஒரு கணக்கே இல்லை. தையலில் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். அவன் தொழிலில் அது உயிர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஸ்கேலை அடுப்புவரை கொண்டுபோனேன். போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? எட்டு வருடமாக உன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு பொத்தானையும் தைத்தேன். அந்த நினைப்பை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது? போடாமல் திரும்பியது குருவிக்காக இல்லை. அவன் சரியாக அளந்தான் என்று அச்சில் வர வேண்டும். அதற்காக.

நீ தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே. நான் உடைத்தேன். ஆனால் அவன் அந்தக் கூட்டத்தில் நோட்டை உன்னிடம் நீட்டினான், "மத்த பக்கத்தையும் பாரு"ன்னு. "தேவையில்ல"ன்னு நீ சொன்னாய். வாங்கியிருந்தால் அன்றைக்கே சிட்டுக்குருவி உன் கண்ணில் பட்டிருக்கும்.


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம் வந்தது. சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்தேன். எட்டு வருடம் நான் சுமந்ததில் பாதி உங்களுடையது. கடை வாசலில், உறவுக்காரர்கள் எதிரில், அவர் உடம்பு கிடந்த கூடத்தில் நீங்கள் என்னைச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். அத்தனையும் இப்போது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

கமிட்டி ஜூன் 6, காலை பத்து மணிக்குக் கூடுகிறது. இரண்டாவது மாடி, நீள மேஜை போட்ட அறை. அவர் நின்ற அதே அறை. ஸ்கேலோடு நீங்கள் நேரில் வந்து, யார் உடைத்தது, எப்படி மறைத்தீர்கள் என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கமிட்டியைக் கேட்டிருந்தால் ஒருவேளை போதும் என்றிருப்பார்கள். நான் கேட்கவில்லை. நேரில் வருவார் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் வராவிட்டால் சான்று இல்லை, குருவியும் இல்லை, அவர் பெயரும் இல்லை.

நான் முன்வரிசையில் உட்காருவேன். நீங்கள் கூனிக்குறுகி நிற்பதை ஒரு தரம் என் கண்ணால் பார்க்க வேண்டும்.


ஏப்ரல் 30

வருகிறேன்.

முன்வரிசையிலேயே உட்கார். நோட்டையும் கொண்டுவருவேன். தபாலில் வராது. அத்தனை பேர் எதிரில், அவன் நீட்டின மாதிரியே உன்னிடம் நீட்டுவேன். இந்தத் தடவை என்ன செய்கிறாய் என்று நானும் பார்க்கிறேன். உப்பைத் தின்றவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.


ஜூன் 8

அண்ணிக்கு,

நேற்று முன்தினம் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் படியிறங்கிப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கூனிக்குறுகவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஸ்கேலை மேஜைமேல் வைத்து, சின்னக் கத்தரியால் பசையை வெட்டி, கறுத்த கேன்வாஸை உருவி எடுத்து, "இதுதாங்க" என்று தலைவர் கையில் வைத்தீர்கள். அளவு பார்க்கிற அதிகாரி, "எதுக்காகம்மா மறைச்சீங்க?" என்று கேட்டார். "தம்பி திட்டுவான்னு பயந்தேன்"னு சொன்னீர்கள். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது இல்லை. ஆறு வயதுப் பையனிடம் திட்டு வாங்கப் போகிறவளின் முகமாக இருந்தது.

அப்புறம் நோட்டை நீட்டினீர்கள். வாங்கினேன். அத்தனை பேர் எதிரில் மே 14-ஐத் தேடிப் புரட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதை ஏன் வாங்கிப் பார்க்கல?" என்று தலைவர் என்னைக் கேட்டார். உங்களுக்குப் பிப்ரவரியில் எழுதியதையே சொன்னேன். சொல்லும்போது அது இன்னும் கேவலமாக இருந்தது.

பதினான்கு கைகளும் உயர்ந்தன. நீளலகுக் கதிர்க்குருவி இனி "மிக அருகிய இனம்". பட்டியலில் அழிவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்த்திருக்கிறார்கள். அறியப்பட்ட ஒரே கூடுகட்டும் இடம் அந்தச் சதுப்பு. மண் கொட்டும் அனுமதியை நேற்றே நிறுத்திவிட்டார்கள். அங்கே இன்னும் ஊமைச்சி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அதற்கு இடம் இருக்கும். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் வருகிறது. "நம்பத்தக்கவை அல்ல" என்ற வரியை நானே அடித்தேன்.

பழியும் தீர்த்துக்கொண்டேன். அறிக்கையில் பிழைகள் என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பிழை, யாரால் என்று பெயரோடு எழுதுவது விதி. "ஒரு உறவினரால்" என்று பூசி மெழுகி எழுதலாம் என்று தலைவர் சொன்னார். வேண்டாம் என்றேன். குறிப்பேட்டைப் பார்க்க மறுத்தவர், அளவுகோலைச் சிதைத்தவர் என்று என் முழுப் பெயரையும் உங்கள் முழுப் பெயரையும் ஒரே வரியில் போடச் சொல்லிவிட்டேன். இந்தக் குருவியைப் பற்றி இனி யார் படித்தாலும் நம் இருவரையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும். ஒரு கூடத்தில் உட்கார முடியாத நாம் இருவரும் அந்தப் புத்தகம் இருக்கும்வரை தோளோடு தோள் நிற்க வேண்டும். உங்களை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்காதீர்கள்.


அக்டோபர் 3

அறிக்கை தபாலில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அவன் பெயர் தனி வரியில், பிழையில்லாமல் இருக்கிறது. இரண்டு தரம் தடவிப் பார்த்தேன்.

அப்புறம் பிழைகள் பக்கத்துக்கு வந்தேன். உன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறாய். அகர வரிசை என்று கதை சொல்லாதே. அவனை முதலில் கெடுத்தவள் நான். நீ எனக்கு அப்புறம்தான். எட்டு வருடம் உன்னை முன்னால் நிறுத்திவைத்து நான் பின்னால் ஒளிந்திருந்தது போதும். அடுத்த பதிப்பில் என் பெயரை முன்னால் போடச் சொல். இல்லையென்றால் நானே மறுபடி அந்த இரண்டாவது மாடிக்கு வந்து, அத்தனை பேர் எதிரில் கேட்பேன்.

— அக்கா